ஒரே விபத்துக்கு மூன்று அழைப்புகள்: முறைமைப் பகுப்பாய்வும் வடிவமைப்பும் படிக்கத் தொடங்குவோருக்கு

லண்டன் ஆம்புலன்ஸ் சேவையின் கட்டுப்பாட்டு அறை 1992 வரை பெரும்பாலும் காகிதத்தில்தான் இயங்கியது. அவசர அழைப்பு வந்ததும், எடுப்பவர் ஒரு படிவத்தில் விவரங்களை எழுதிக்கொள்வார். வரைபடப் புத்தகத்தைப் புரட்டி, அந்தத் தெரு எந்தக் கட்டத்தில் வருகிறது என்று பார்த்து அதையும் குறிப்பார். பிறகு படிவத்தைக் கன்வேயர் பெல்ட்டில் வைப்பார். பெல்ட் போய்ச் சேரும் இடத்தில் இன்னோர் ஊழியர் இருப்பார். அவர் படிவங்களைப் படித்து, நகரத்தின் மூன்று பிரிவுகளில் எதற்கு உரியது என்று பார்த்து, அந்தப் பிரிவில் வண்டி ஒதுக்குபவரிடம் கொடுப்பார். ஒதுக்குபவர் எந்த வண்டி எங்கே நிற்கிறது என்பதைத் தன் முன்னாலுள்ள குறிப்புகளில் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். வண்டி நிலையத்தில் இருந்தால் தொலைபேசியிலும், சாலையில் இருந்தால் ரேடியோவிலும் செய்தி போகும். அழைப்பு வந்ததிலிருந்து செய்தி போவது வரை எல்லாம் மூன்று நிமிடங்களுக்குள் முடிய வேண்டும்.

இந்த அறையைக் கணினிமயமாக்கச் சொன்னால் எங்கிருந்து தொடங்குவீர்கள்? முதல் வகுப்பில் நான் கேட்கும் கேள்வி இது. படிவத்துக்குப் பதிலாகத் திரை, பெல்ட்டுக்குப் பதிலாக நெட்வொர்க் என்று மாணவர்கள் வேகமாகச் சொல்லிக்கொண்டே போவார்கள். நடுவில் உட்கார்ந்து படிவங்களைப் பிரித்துக் கொடுப்பவரின் வேலையைச் சில வரி நிரல் செய்துவிடும் என்பார்கள். இடம் தெரிந்தால் பிரிவு தெரிந்துவிடுமே, வேறென்ன?

அங்கே இன்னொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது. ஒரு சாலை விபத்தைப் பலர் பார்த்தால் மூன்று பேராவது தொலைபேசியில் அழைப்பார்கள். ஒருவர் தெருப் பெயரைச் சொல்வார், இன்னொருவர் பக்கத்துக் கடையைச் சொல்வார், மூன்றாமவர் நாற்சந்தியின் பெயரைச் சொல்வார். மூன்று படிவங்கள் மூன்று கையெழுத்தில் வரும். மூன்றும் ஒரே விபத்து என்று கண்டுகொண்டு, மூன்று வண்டிகள் போகாமல் தடுப்பது அந்த இடத்தில்தான் நடந்தது. பெல்ட்டை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு அந்த வேலை தெரியாது. அதைக் கண்டுபிடிப்பதற்குப் பெயர்தான் முறைமைப் பகுப்பாய்வு. இந்தப் பாடத்தில் மற்றதெல்லாம் இதற்குப் பிறகு வருவது என்றே நான் கருதுகிறேன்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். முறைமை என்றால், ஒரு நோக்கத்துக்காகச் சேர்ந்து இயங்கும் பகுதிகளின் தொகுப்பு. அதற்கு எல்லை உண்டு. எல்லைக்கு வெளியிலிருந்து ஏதோ ஒன்று உள்ளே வருகிறது, மாற்றம் பெறுகிறது, வெளியே போகிறது. தகவல் முறைமையில் அப்படி வந்து போவது தகவல். கணினி அதில் ஒரு பகுதி மட்டுமே. படிவம், பெல்ட், அதை எடுத்துப் படிப்பவர், மூன்று நிமிட விதி எல்லாமே முறைமையின் பகுதிகள்தாம். ஆகவே கணினி நுழைவதற்கு முன்பே அந்த அறையில் ஒரு முழுமையான தகவல் முறைமை இருந்தது. இதை முதல் வாரத்திலேயே மனத்தில் பதித்துக்கொண்ட மாணவருக்குப் பிறகு வருவதெல்லாம் எளிது.

பகுப்பாய்வு என்பது இப்போது என்ன நடக்கிறது, இனி என்ன நடக்க வேண்டும் என்று கண்டறிவது. வடிவமைப்பு என்பது அதை எப்படி நடத்துவது என்று முடிவு செய்வது: எந்தத் தரவை எங்கே வைப்பது, எந்தத் திரையில் யார் எதைப் பார்ப்பார், எது தானாக நடக்கும், எதை மனிதர் தீர்மானிப்பார். 'என்ன' என்ற கேள்விக்கு விடை கிடைக்கும் முன்பே 'எப்படி'க்குத் தாவுவதுதான் மாணவர்களிடம் நான் மிக அதிகமாகப் பார்க்கும் தவறு. நிரல் எழுதத் தெரிந்த மாணவருக்கு இந்தச் சோதனை இன்னும் அதிகம், ஏனென்றால் அவர் கை துடித்துக்கொண்டிருக்கும்.

எப்படிக் கண்டறிவது? நேர்காணல், வினாப்பட்டியல், ஆவணங்களைப் படித்தல், நேரில் இருந்து கவனித்தல் என்று பாடத்திட்டம் நான்கைச் சொல்லும். தேர்வுக்கு நான்கையும் எழுதுங்கள். வேலை என்று வரும்போது நேரில் கவனிப்பதற்கு நிகர் எதுவும் இல்லை. அன்றாடம் செய்யும் வேலையை மனிதர்கள் விவரிக்கும்போது, கை பழகிப்போன பகுதியை விட்டுவிட்டுச் சொல்வார்கள். மறைப்பதற்காக அல்ல, அது அவர்களுக்கே நினைவில் வராது.

உங்கள் தெருவிலுள்ள மருந்துக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துக் கடைக்கு இருப்புக் கணக்கு மென்பொருள் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரரிடம் கேட்டால், "மருந்து வரும், விற்போம், பில் போடுவோம்" என்பார். இதை நம்பி, ஒவ்வொரு மருந்துக்கும் எத்தனை அட்டை இருக்கிறது என்று ஓர் எண்ணை வைத்து வடிவமைத்துவிடலாம். கடையில் ஒரு மாலை நேரம் நின்று பாருங்கள். ஒருவர் வந்து நான்கு மாத்திரை மட்டும் கேட்பார். கடைக்காரர் பத்து மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பார். மீதி ஆறு மாத்திரை அட்டை எந்த எண்ணில் சேரும்? காலாவதி நாளும் தொகுதி எண்ணும் அட்டையின் எந்தத் துண்டில் இருக்கின்றன? ஒரே மருந்து இரண்டு தொகுதிகளாக வந்திருந்தால் முதலில் எதை விற்க வேண்டும்? கேட்ட மருந்து இல்லாதபோது கடைக்காரர் ஒரு சிறு நோட்டில் எதையோ குறிக்கிறாரே, அது என்ன? அந்த நோட்டுதான் அவருடைய கொள்முதல் திட்டம். நேர்காணலில் அதைப் பற்றி ஒரு சொல்கூட வந்திருக்காது.

ஆவணங்களும் பேசும். இந்தியாவில் 2014 முதல், எச்1 பட்டியலில் உள்ள, மருத்துவர் சீட்டின் பேரில் மட்டுமே விற்கக்கூடிய மருந்துகளை விற்கும்போது மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் பதிவேட்டைக் கண்ணால் பார்க்காதவர் செய்யும் மென்பொருள், எவ்வளவு அழகான திரையோடு வந்தாலும் கடைக்குப் பயன்படாது.

இப்படிக் கிடைப்பவற்றுக்குத் தேவைகள் என்று பெயர். அவை இரண்டு வகை. 'கத்தரித்த அட்டையின் மீதியைக் கணக்கில் வைக்க வேண்டும்' என்பது செயல்சார்ந்த தேவை: முறைமை எதைச் செய்ய வேண்டும் என்று சொல்கிறது. லண்டனின் 'மூன்று நிமிடங்களுக்குள்' என்பது செயல்சாராத் தேவை: எவ்வளவு நன்றாக, எவ்வளவு விரைவாக, எவ்வளவு நம்பகமாகச் செய்ய வேண்டும் என்று சொல்கிறது. தேவையை எழுதும்போது சோதித்துப் பார்க்கக்கூடிய விதத்தில் எழுதுங்கள். 'முறைமை வேகமாக இருக்க வேண்டும்' என்று எழுதினால் யாரும் அதை நிறைவேற்றியதாக நிரூபிக்க முடியாது, தவறியதாகவும் நிரூபிக்க முடியாது.

இனி வரைபடங்கள். முதலில் சந்திப்பது தரவுப் பாய்வு வரைபடம், மாணவர் வழக்கில் டி.எஃப்.டி. இது 1970-களின் பிற்பகுதியில் பரவியது. டாம் டிமார்க்கோ வழியில் செயல்முறையை வட்டமாக வரைவார்கள். கேன், சார்சன் வழியில் முனை மழுங்கிய பெட்டியாக வரைவார்கள். இரண்டில் எதை உங்கள் பல்கலைக்கழகம் பின்பற்றுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டையும் கலந்து வரைந்து மதிப்பெண்ணை இழப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.

இதில் நான்கே குறியீடுகள்: வெளியாள், செயல்முறை, தரவுச் சேமிப்பு, பாய்வு. லண்டன் அறையை வரைந்து பாருங்கள். முதலில் முழு அறையையும் ஒரே வட்டமாக வரையுங்கள். அழைப்பவரும் வண்டிக் குழுவும் வெளியே நிற்பார்கள். இது சூழல் வரைபடம். முறைமையின் எல்லை எங்கே என்று இது சொல்கிறது. பிறகு வட்டத்தைத் திறந்தால் உள்ளே அழைப்பைப் பதிதல், பிரித்தல், ஒதுக்குதல், அனுப்புதல் என்று நான்கு செயல்முறைகள். 'பிரித்தல்' என்ற வட்டத்தையும் திறங்கள். பிரிவைத் தீர்மானித்தல் என்று ஒரு வட்டம் வரும். முன்பு வந்த படிவங்களோடு ஒப்பிடுதல் என்று இன்னொன்று வரும். ஒப்பிட வேண்டுமானால் முன்பு வந்தவை எங்கோ இருக்க வேண்டும், ஆகவே ஒரு தரவுச் சேமிப்பு தேவைப்படும். காகித அறையில் அந்தச் சேமிப்பு ஓர் ஊழியரின் நினைவும் அவர் மேசையும்தான். வரைந்தபோதுதான் அது கண்ணுக்குத் தெரிகிறது. நான் இந்த வரைபடத்தை மிகவும் விரும்புவதற்கு இதுவே காரணம்: மனிதர்களின் தலைக்குள் இருப்பதைத் தாளுக்கு இழுத்துவிடும்.

விதிகள் சில. ஒரு செயல்முறைக்குள் தரவு போய்க்கொண்டே இருந்து எதுவும் வெளியே வராவிட்டால் அதைக் கருந்துளை என்பார்கள். எதுவும் உள்ளே போகாமல் வெளியே வந்தால் அதிசயம் என்பார்கள். இரண்டும் பிழை. வெளியாளிடமிருந்து சேமிப்புக்கு நேராகத் தரவு பாயாது, நடுவில் ஒரு செயல்முறை வேண்டும். மேல்மட்ட வட்டத்தில் நுழைந்த பாய்வுகள் அதைத் திறந்து வரையும் கீழ்மட்டத்திலும் அப்படியே இருக்க வேண்டும். அப்புறம், இதில் 'ஆம், இல்லை' என்ற முடிவுக் கட்டங்கள் வராது. நேர வரிசையும் வராது. அவற்றைப் போட்டுவிட்டால் நீங்கள் வரைந்திருப்பது நிரலோட்டப் படம்.

அடுத்தது, தரவின் வடிவம். பீட்டர் சென் 1976-இல் முன்வைத்த உருபொருள் உறவு வரைபடம் இங்கே உதவும். எந்தெந்தப் பொருள்களைப் பற்றி நாம் தகவல் வைத்திருக்க வேண்டும், அவற்றுக்குள் என்ன உறவு என்பதே அதன் கேள்வி. ஆம்புலன்ஸ் அறையில் என்ன பொருள்கள்? பலரும் 'அழைப்பு', 'வண்டி' என்று இரண்டை எழுதி நிறுத்திக்கொள்வார்கள். ஓர் அழைப்புக்கு ஒரு வண்டி. இப்படி வரைந்த கணத்திலேயே மூன்று அழைப்புகளுக்கு மூன்று வண்டிகள் போக வழி செய்துவிட்டோம். அந்த ஊழியர் செய்த வேலைக்கு இந்த வரைபடத்தில் இடமே இல்லை.

அழைப்பும் நிகழ்வும் வேறு வேறு. விபத்து என்பது ஒரு நிகழ்வு. அதைப் பற்றி ஒன்று முதல் பல அழைப்புகள் வரலாம். ஆகவே 'நிகழ்வு' என்று மூன்றாவது பொருள் வேண்டும். ஒரு நிகழ்வுக்குப் பல அழைப்புகள், ஓர் அழைப்பு ஒரே நிகழ்வைச் சேர்ந்தது. இனி வண்டி அழைப்போடு சேராது, நிகழ்வோடு சேரும். பெரிய விபத்தென்றால் ஒரே நிகழ்வுக்குப் பல வண்டிகள் போகும். ஒரே வண்டி ஒரு நாளில் பல நிகழ்வுகளுக்குப் போகும். இந்தப் பலவுக்குப் பல உறவை அப்படியே அட்டவணையாக்க முடியாது. நடுவில் 'பயணம்' என்று ஒன்றை வைக்க வேண்டும்: எந்த வண்டி, எந்த நிகழ்வு, எத்தனை மணிக்கு ஒதுக்கப்பட்டது, எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது. போய்ச் சேர்ந்த நேரம் வண்டியின் பண்பும் இல்லை, நிகழ்வின் பண்பும் இல்லை, பயணத்தின் பண்பு. இதைத் தானாகவே கண்டுபிடிக்கும் மாணவரின் முகத்தில் வரும் மலர்ச்சியைப் பார்ப்பதற்காகவே நான் இந்தப் பாடத்தைத் தொடர்ந்து நடத்துகிறேன்.

அட்டவணைகளாக்கிய பிறகு வருவது இயல்பாக்கம். ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970-இல் உறவுசார் தரவுத்தளத்தின் அடிப்படையை வகுத்தார். இயல்பாக்க விதிகளும் அவரிடமிருந்து வந்தவையே. சாரம் இதுதான்: ஓர் உண்மையை ஓரிடத்தில் மட்டும் எழுது. ஒவ்வொரு பயணத்தின் வரிசையிலும் வண்டி நிலையத்தின் தொலைபேசி எண்ணையும் சேர்த்து எழுதினால், எண் மாறும் நாளில் ஆயிரம் வரிசைகளைத் திருத்த வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் எது உண்மை என்று யாருக்கும் தெரியாது. முதல், இரண்டாம், மூன்றாம் இயல்வடிவங்களின் இலக்கணத்தை மனப்பாடம் செய்வதற்கு முன்பு இந்தக் கவலை உங்களுக்குள் வந்திருக்க வேண்டும்.

மென்பொருள் வடிவமைப்பை வரைந்து காட்டுவதற்கான பொதுக் குறியீட்டு மொழியான யு.எம்.எல். 1997-இல் தரமாக ஏற்கப்பட்டது. கிரேடி பூச், ஜேம்ஸ் ரம்பா, ஐவர் ஜேக்கப்சன் மூவரின் முறைகள் ஒன்றாகி உருவானது அது. பயன்பாட்டு நிகழ்வு வரைபடம், வகுப்பு வரைபடம், வரிசை வரைபடம் என்று நிறைய உண்டு. அவற்றில் நிலை வரைபடம் தகுதிக்குரிய கவனம் பெறுவதில்லை. ஒரு வண்டி தயார், ஒதுக்கப்பட்டது, வழியில், சம்பவ இடத்தில், மருத்துவமனைக்குச் செல்கிறது என்ற நிலைகளில் மாறிக்கொண்டிருக்கும். எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போகலாம், எது நடந்தால் போகும் என்று வரைய வேண்டும். வரையும்போதே ஒரு சங்கடமான கேள்வி எழும்: நிலை மாறியதைத் தெரிவிக்கும் பொத்தானை ஓட்டுநர் அழுத்த மறந்தால்?

இந்தக் கேள்விக்கு லண்டன் பெரும் விலை கொடுத்தது. 1992 அக்டோபர் 26 அன்று புதிய கணினி முறைமை முழு நகரத்துக்கும் ஒரே நாளில் நடைமுறைக்கு வந்தது. மூன்று பிரிவுகளும் ஒன்றாக்கப்பட்டன. அறையின் இருக்கைகள் மாற்றப்பட்டன. பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பழகியவர்கள் பிரிந்தார்கள். வண்டிகள் எங்கே, எந்த நிலையில் இருக்கின்றன என்பது ஏறத்தாழப் பிழையின்றித் தெரியும் என்ற எண்ணத்தின் மீது முறைமை கட்டப்பட்டிருந்தது. உண்மையில் ரேடியோ நெரிசலாலும், பொத்தான்கள் தவறாக அழுத்தப்பட்டதாலும், அழுத்தப்படாததாலும் வண்டிகளின் நிலை தவறாகப் பதிவானது. தவறான நிலையை வைத்து முறைமை தவறான வண்டியை ஒதுக்கியது. ஒரே இடத்துக்கு இரண்டு வண்டிகள் போயின, அருகிலிருந்த வண்டி விடுபட்டது. எச்சரிக்கைச் செய்திகள் திரையில் குவிந்தன, பழையவை மேலே நகர்ந்து பார்வையிலிருந்து மறைந்தன. வண்டி வராததால் மக்கள் மறுபடி அழைத்தார்கள். அதே நிகழ்வுக்கு இன்னும் அழைப்புகள். மூன்று அழைப்பும் ஒன்றே என்று கண்டுகொள்ளும் வேலையை முறைமையால் சரியாகச் செய்ய முடியவில்லை. மறுநாள் பிற்பகலில் பாதிக் காகித முறைக்குத் திரும்பினார்கள்.

நவம்பர் 4-ஆம் தேதி அதிகாலையில் அதுவும் நின்றது. காரணம் வேறு. நிரலில் தங்கிப்போன ஒரு சிறு பகுதி, ஒவ்வொரு முறை வண்டி அனுப்பப்பட்டபோதும் சர்வரின் நினைவகத்தில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு திருப்பித் தராமல் இருந்தது. வாரக்கணக்கில் சேர்ந்து நினைவகம் தீர்ந்துபோனது. மாற்றுச் சர்வரும் கைகொடுக்கவில்லை.

இந்த இரண்டு நாட்களையும் பிரித்துப் பாருங்கள். நவம்பர் 4 நிரல் எழுதுவதில் நேர்ந்த பிழை. ஒரு நல்ல நிரலாளர் தேடிக் கண்டுபிடித்துச் சில மணி நேரத்தில் திருத்திவிடக்கூடும். அக்டோபர் 26-இல் எந்த ஒற்றை வரியையும் சுட்டிக்காட்ட முடியாது. நிரல் பெரும்பாலும் தனக்குச் சொல்லப்பட்டபடியே நடந்துகொண்டது. அதற்குச் சொல்லப்பட்ட உலகம்தான் லண்டனின் உலகமாக இல்லை. பகுப்பாய்வுக்கும் நிரலாக்கத்துக்கும் தனித்தனிப் பாடங்கள் எதற்கு என்று கேட்கும் மாணவரிடம் நான் இந்த இரண்டு தேதிகளைத்தான் சொல்கிறேன்.

வளர்ச்சிப் படிநிலைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தேர்வில் உறுதியாக வரும். சாத்தியக்கூறு ஆய்வு, பகுப்பாய்வு, வடிவமைப்பு, நிரலாக்கம், சோதனை, நிறுவல், பராமரிப்பு என்ற வரிசையை நீர்வீழ்ச்சி மாதிரி என்பார்கள். வின்ஸ்டன் ராய்ஸ் 1970-இல் எழுதிய கட்டுரையிலிருந்து அது வந்ததாகச் சொல்வார்கள். அவர் அந்தப் படிகளை வரைந்துவிட்டு, இப்படி நேர்கோட்டில் ஒரே முறை போவது ஆபத்து, தோல்வியை வரவழைக்கும் என்றே எழுதினார். 2001-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி வெளியிட்ட அஜைல் அறிக்கை, சிறு சிறு பகுதிகளாகச் செய்து பயனாளரிடம் காட்டித் திருத்திக்கொண்டே போகும் வழியை முன்னிறுத்தியது. அஜைல் வந்துவிட்டதால் பகுப்பாய்வு தேவையில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை அதைச் செய்ய வேண்டியிருக்கிறது என்பதே உண்மை.

தமிழ்வழியில் இதைப் படிக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு: இலங்கையில் பள்ளியின் உயர்தர (ஏ/எல்) வகுப்புத் தகவல் தொழில்நுட்பப் பாடத்திலேயே முறைமைப் பகுப்பாய்வும் வடிவமைப்பும் இருக்கின்றன. மாணவர்கள் சூழல் வரைபடத்தையும் தரவுப் பாய்வையும் தமிழிலேயே கற்கிறார்கள். தமிழ்நாட்டில் பாடநூல் ஆங்கிலத்தில் இருந்தாலும், நீங்கள் நேர்காணல் செய்யப்போகும் கடைக்காரரும் எழுத்தரும் தமிழில்தான் பேசுவார்கள். அவர்கள் சொன்ன சொல்லை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் 'வரவு' என்ற சொல்லை ஓர் ஊழியர் பணத்துக்கும் இன்னொருவர் சரக்குக்கும் பயன்படுத்தினார்கள். என் மாணவர்கள் இரண்டையும் ஒரே ஆங்கிலச் சொல்லாக்கி ஒரே அட்டவணையில் வைத்துவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து, கணக்கு ஏன் பொருந்தவில்லை என்று தேடியபோதுதான் குறிப்பேட்டைத் திரும்பிப் பார்த்தோம்.

திட்டப்பணிக்கு நூலக மேலாண்மையையோ மாணவர் வருகைப் பதிவையோ தேர்ந்தெடுக்காதீர்கள் என்று நான் சொல்வதும் இதற்காகவே. அவற்றுக்கு ஆயத்த விடைகள் எங்கும் கிடைக்கின்றன, யாரையும் போய்ப் பார்க்கத் தேவையில்லை. தையற்கடை, பால் சேகரிப்பு நிலையம், சைக்கிள் பழுது பார்க்குமிடம், ஊர்த் திருவிழாவின் வரிக்கணக்கு என்று எதையாவது எடுங்கள். ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்து கவனியுங்கள். பிறகு கேளுங்கள்: "கடைசியாக எப்போது கணக்கு இடறியது? அப்போது என்ன செய்தீர்கள்?" எப்படி வேலை செய்கிறீர்கள் என்று கேட்டால் விதி கிடைக்கும். எப்போது இடறியது என்று கேட்டால் விதிவிலக்குகள் கிடைக்கும். முறைமைகள் பெரும்பாலும் விதிவிலக்குகளில்தான் உடைகின்றன.

லண்டன் மறுபடி முயன்றது. அவசரம் காட்டவில்லை. 1996-இல்தான் அடுத்த கணினி முறைமை பயன்பாட்டுக்கு வந்தது. இந்த முறை முன்மாதிரிகளைச் செய்து, அந்த அறையில் வேலை செய்பவர்களிடமே காட்டி, அவர்கள் சொன்னபடி திருத்தினார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றவும் இல்லை. அழைப்பை எடுத்துப் பதிவது போன்ற அடிப்படைப் பணிகளை முதலில் கணினிக்குக் கொண்டுவந்தார்கள். அது பழகிய பிறகு மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள்.